அழுகை வராத செவிலியருக்கு

குன்னூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் 6 ஆண்டுகளாக வேலை பார்க்கும் செவிலியர் என்று எழுதியிருக்கிறீர்கள். கார்த்திகை மாத மழை இரவொன்றில், நிமோனியாவுடன் வந்த 11 மாதக் குழந்தை உங்கள் ஷிப்டில் இறந்துபோனது. அன்றும் அழுகை வரவில்லை, 4 மாதம் கழிந்தும் வரவில்லை. வார்டில் எந்தக் குழந்தை வீறிட்டாலும் மனத்தில் ஒன்றும் தட்டுவதில்லை. வீட்டிலோ, 3 வயது மகன் தூக்கத்தில் இருமினால் எழுந்து உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணுகிறீர்கள். "நான் கல்லாகிவிட்டேனா? இந்த வேலைக்கு இனி லாயக்கில்லையா? விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு நடுவே, அரை மணி நேரம் முன்னதாக டாக்டரைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்குமோ என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, அவசரமாக அடுத்த வரிக்குத் தாவிவிட்டீர்கள். நீங்கள் கேட்க வந்தது அந்த ஒரு வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே அதற்கு வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நீலகிரியில் 34 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் 19 ஆண்டுகள் குழந்தைகள் வார்டு. கடைசிச் சில ஆண்டுகள் மாணவிகளுக்குப் பாடம் நடத்தினேன். அந்த வேலைக்காகத்தான் இந்த விஷயத்தைப் பற்றி முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். அதற்கு முன்பு நானும் "பழகிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான். மனநல மருத்துவர் அல்ல. உங்களுக்கு இன்ன நோய் என்றோ, நோயே இல்லை என்றோ முகம் பார்க்காமல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே எது உறுதியாகத் தெரிந்தது, எது என் அனுபவத்தில் தோன்றுவது என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் கல்லாகிவிட்டேனா என்பது. தை மாத விடியலில் தலைகுந்தாப் பக்கம் உறைபனி விழுந்த கேரட் தோட்டத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விரல்கள் மரத்துப்போய், கத்தி பட்டு ரத்தம் வந்தால்கூடத் தெரியாது. அதற்காக விரல் செத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு தன் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு நெஞ்சைக் காக்கிறது, அவ்வளவுதான். அதிர்ச்சிக்குப் பிறகு உணர்ச்சி மரத்துப்போவதும் மருத்துவம் நன்றாக அறிந்த ஒன்று, இதில் சந்தேகம் இல்லை. கல்லாகிப்போனவள் நள்ளிரவில் மகனின் நெஞ்சுக்கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரமாட்டாள். வார்டில் வெளிவர வழியில்லாத பயம் உங்களோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறது.

இந்த நிலைக்கு என்ன பெயர் என்பதில்தான் குழப்பம். செவிலியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில் நாலைந்து சொற்களை ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பணிச்சோர்வு ஒன்று. 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இதை விவரித்தார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளக்கும் வினாத்தொகுப்பை உருவாக்கினார். சக்தியெல்லாம் வற்றிப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் படுக்கை எண்ணாகப் பார்ப்பது, நான் செய்வதால் என்ன பயன் என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் கூறுகள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் சொல்கிறது. அது எனக்குச் சரியாகப் படுகிறது. நோய் வேலையிடத்தில் இருக்கும்போது மாத்திரையை ஆளுக்குக் கொடுத்து என்ன செய்வது? அடுத்தது பரிவுச் சோர்வு. 1992-இல் கார்லா ஜாய்ன்சன் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது பயன்படுத்திய சொல் அது. பிறருடைய வலியைத் தொடர்ந்து பார்ப்பதாலேயே பார்ப்பவருக்கு அதிர்ச்சியின் அறிகுறிகள் வருவதைப் பற்றி 1995-இல் சார்லஸ் ஃபிக்லி விரிவாக எழுதினார். மூன்றாவதை நான் அறச்சங்கடம் என்று சொல்லித்தருவேன். எது சரி என்று தெரிந்திருந்தும் அதைச் செய்யவிடாமல் அமைப்பு கையைக் கட்டிப்போடும்போது உண்டாகும் வேதனை. 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்டன் இதைச் செவிலியர் பணியை முன்வைத்தே எழுதினார்.

கடைசியில் வருவதுதான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு. மருத்துவர்கள் சுருக்கமாக பி.டி.எஸ்.டி. என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது 1980-இல்தான் இடம்பெற்றது. அப்போது எல்லோர் மனத்திலும் இருந்தவர்கள் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள். 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில், தொழில் நிமித்தமாகக் கோரமானவற்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்கிறவர்களும் வரையறைக்குள் வந்தார்கள். நோயால் நிகழ்ந்த மரணத்தைப் பார்த்த செவிலியர் அந்த வரையறைக்குள் கறாராக வருவாரா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதம் ஏட்டுக்கு முக்கியம், உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. எந்தப் பெயராக இருந்தாலும் அறிகுறிகளுக்கு வைத்தியம் உண்டு.

எது எது என்று பிரிக்க என்னிடம் ஒரு கைக்கணக்கு இருந்தது. சோதித்து நிறுவப்பட்டது அல்ல, 34 வருடம் பார்த்ததில் கிடைத்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து நான்கு நாள் லீவு எடுத்து ஊருக்குப் போனால் மனம் இளகி, திரும்பி வருகிற பஸ் பர்லியாரைத் தாண்டும்போது மறுபடி இறுகுகிறதா? அது பெரும்பாலும் பணிச்சோர்வு. லீவிலும் அந்த இரவு அழைக்காமலே கண்முன் வருகிறதா, அந்தக் குழந்தை படுத்திருந்த கட்டில் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறீர்களா, குக்கரின் விசில் மானிட்டர் அலாரமாகக் கேட்டுத் தூக்கிப்போடுகிறதா? அது அதிர்ச்சியின் பக்கம். எதுவுமே பிடிக்கவில்லை, சோறு ருசிக்கவில்லை, மகன் சிரித்தாலும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூக்கமில்லை என்றால் மனச்சோர்வு நோயைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் வார்டுகளில் அதிகம் தவறவிடப்பட்டது இதைத்தான், ஏனென்றால் மனச்சோர்வு உள்ள செவிலியரும் வேலைக்கு ஒழுங்காக வருவார், கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதுவார். மூன்றும் கலந்தும் வரலாம். இவற்றில் உறுதியானது கால அளவு. முதல் சில வாரங்களில் இந்த அறிகுறிகள் வருவது சகஜம், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே வடிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, வேலையையோ வீட்டையோ பாதித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு 4 மாதம் ஆகிவிட்டது. ஆகவே தயங்காமல் போய்ப் பாருங்கள்.

குழந்தைகள் வார்டு மட்டும் ஏன் இப்படி உள்ளே இறங்குகிறது என்று மாணவிகள் கேட்பார்கள். சாவைப் பார்ப்பதால் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை முழுதாக ஒப்புக்கொள்வதில்லை. பெரியவர்கள் வார்டில் சாவு இன்னும் அதிகம். குழந்தைகள் வார்டில் காயம் கண் வழியாக வருவதைவிடக் கை வழியாகத்தான் அதிகம் வருகிறது. ஐ.வி. ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நாலாவது தடவை குத்தும்போது, துள்ளுகிற அந்தச் சின்னக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது யார்? மறுநாள் காலை வெள்ளைச் சேலையைக் கண்டதும் குழந்தை வீறிடும். இப்போது சேலை போய்ச் சுடிதார் வந்துவிட்டது, அலறல் போகவில்லை. நல்லது செய்யவே அந்தக் கை பிடித்தது என்று அறிவுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, மருந்தெல்லாம் எடைக்கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு ஆம்ப்யூல், அதாவது ஒரு மருந்துக் குப்பி, என்றால் முடிந்தது. இங்கே 7 கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு. அந்தப் பயம் ஷிப்ட் முழுக்க முதுகில் உட்கார்ந்திருக்கும்.

இந்த விஷயத்தில் ஒன்று உறுதி. கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ, வாயில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விட்டாலோ வலியின் அறிகுறிகள் குறைகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அம்மாவை வெளியே அனுப்பாமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஊசி போடப் பழகியபின் எங்கள் வார்டில் செவிலியர்களின் முகமும் மாறியது. முகம் மாறியது என்பது நான் கண்ணால் கண்டது மட்டும்தான், யாரும் அளந்து பார்க்கவில்லை.

மலைக்கென்று தனியாகச் சில உண்டு. சமவெளியில் எழுதப்பட்ட புத்தகங்களில் அவை இருக்காது. நம் வேலையில் பாதிக் கதைக்கு முடிவே கிடையாது. மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்து, 108-இல் ஏற்றி, கோயம்புத்தூருக்கு அனுப்புகிறோம். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டத்தில் வண்டியின் சிவப்பு விளக்கு மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே வந்து அடுத்த குழந்தையைக் கவனிக்கிறோம். அது பிழைத்ததா என்று யாரும் திரும்பச் சொல்வதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து சாலை மூடினால் அனுப்பவும் வழியில்லை. 2009 நவம்பர் நிலச்சரிவை மலையில் இருந்தவர்கள் யாரும் மறக்கவில்லை. 2022-இல் ஊட்டிக்கு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் பந்தலூரிலோ மஞ்சூரிலோ இருந்து பார்த்தால் ஊட்டியும் தூரம்தான்.

முடிவு தெரியாத கதைகள்தான் என்னை அதிகம் அரித்தன என்பதை ரொம்பத் தாமதமாகக் கண்டுபிடித்தேன். 1990-களின் கடைசியில் ஒரு நோட்டு போட ஆரம்பித்தேன். கீழே அனுப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. மூன்றாம் நாள் அந்த வார்டுக்குப் போன் போட்டு, எதிர்முனையில் இருக்கும் சிஸ்டரிடம் கெஞ்சிக் கேட்டு எழுதிவைப்பேன். வீட்டுக்குப் போனது, இறந்தது, வேறு இடத்துக்கு அனுப்பினார்கள் என்று மூன்று விதமாக வரும். இறந்தது என்று எழுதும் நாளும் எனக்கு நல்லதாகத்தான் இருந்தது. அன்றைக்கு அழ ஒரு காரணம் கிடைத்தது. ஆனால் இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர், "எனக்குச் சொல்லாதீர்கள் அக்கா. போன குழந்தைகளெல்லாம் எங்கேயோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கின்றன என்று நினைத்துத்தான் நான் வேலைக்கு வருகிறேன்" என்றார். அவரும் என்னைவிட மோசமான செவிலியர் அல்ல.

சமவெளி நகரத்தில் குழந்தையைப் பறிகொடுத்த தாயைச் செவிலியர் மறுபடி பார்ப்பது அரிது. இங்கே செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டில் பார்ப்போம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பார்ப்போம். "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்று அந்தத் தாய்தான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நான் ஆரம்பத்தில் காய்கறிக் கடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். பிறகு குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசப் பழகினேன். பெயரைச் சொன்னதற்காக ஒரு தாயும் என்மேல் வருத்தப்பட்டதில்லை.

கூடலூர்ப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு வகை. அரிவாள் செல் சோகை, அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய், இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். அந்த நோயுள்ள பிள்ளைகள் ஒரு தடவை வந்து போகிறவர்கள் அல்லர். எலும்பைப் பிளக்கும் வலியோடு வருடத்துக்கு எத்தனையோ முறை வருவார்கள். ஐந்து வயதில் பார்த்த பிள்ளை பதினைந்து வயதில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அந்த இழப்பு நோயாளியின் இழப்பு அல்ல, கிட்டத்தட்ட உறவில் ஒரு சாவு. ஆனால் உறவுக்குக் கிடைக்கும் மூன்று நாள் துக்கம்கூடச் செவிலியருக்கு இல்லை. அன்றே அந்தக் கட்டிலுக்கு வேறு குழந்தை வந்துவிடும்.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். அரை மணி முன்னால் கூப்பிட்டிருந்தால்? பிழைத்திருக்கும் என்றோ பிழைத்திருக்காது என்றோ நான் சொன்னால் இரண்டும் பொய். அந்தக் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. நீங்களும் அந்த இரவுக்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை என்று ஊகிக்கிறேன். முடிவு தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால் எல்லா அறிகுறிகளும் விளக்குப் போட்ட மாதிரித் தெரியும். அன்று இரவு 2 மணிக்கு, இத்தனை குழந்தைகளுக்கு நடுவில், உங்களுக்குத் தெரிந்தது என்ன என்பதுதான் நியாயமான கேள்வி. உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஒரு மூத்த செவிலியரையோ, குழந்தை மருத்துவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஷீட்டை மணிவாரியாகப் படியுங்கள். மூச்சு எண்ணிக்கை எத்தனை மணிக்கு எவ்வளவு, ஆக்சிஜன் அளவு எப்போது இறங்கியது, நீங்கள் அப்போது எந்தக் கட்டிலில் இருந்தீர்கள் என்று. தனியாகப் படிக்க வேண்டாம். நிஜமாகவே ஒரு தாமதம் இருந்தால் அது தெரிந்துவிடும், இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும். இரண்டில் எதுவாக இருந்தாலும், நாலு மாதமாக மனத்துக்குள் நடக்கும் வழக்கைவிட லேசானது.

தவறு நேர்ந்த இடத்தில் மருத்துவரும் செவிலியரும் இரண்டாவதாகப் பாதிக்கப்படுகிறவர்கள் என்று 2000-இல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் எழுதினார். முதலில் பாதிக்கப்பட்டது குழந்தையும் பெற்றோரும், அதில் மறு பேச்சில்லை. அந்தச் சொல்லே பெற்றோரைப் புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பும் உண்டு. அந்த எதிர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அவர் சுட்டிய விஷயம் உண்மை. 2009-இல் சூசன் ஸ்காட்டும் அவரது குழுவினரும் இப்படிப்பட்டவர்களிடம் பேசி, அவர்கள் கடந்துபோகும் ஆறு கட்டங்களை விவரித்தார்கள். கடைசிக் கட்டத்தில் பாதை மூன்றாகப் பிரிகிறது. சிலர் வேலையை விடுகிறார்கள், சிலர் உயிரற்றுத் தொடர்கிறார்கள், சிலர் அதிலிருந்து ஏதோ கற்றுக்கொண்டு முன்பைவிட நன்றாகச் செய்கிறார்கள். நம் நாட்டிலும் குழந்தை மரணங்களை ஆய்வு செய்ய 2014-இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. யாரையும் குற்றம் சாட்ட அல்ல, அடுத்த மரணத்தைத் தடுக்க என்பதுதான் அதன் நோக்கம். நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில், "அப்போது டூட்டியில் இருந்தது யார்?" என்பதுதான் முதல் கேள்வியாக வந்தது. நெறிமுறை ஏட்டில் இருக்கிறது.

வைத்தியத்தில் எது தேறியது, எது தேறவில்லை என்று கொஞ்சம் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவர்களை உடனே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் விவரிக்கச் சொல்லும் முறை 1980-களில் பரவியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பி.டி.எஸ்.டி. வராமல் தடுக்கவில்லை என்று தெரிந்தது, சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொன்னது. மரத்துப்போன கையை நேராக நெருப்பில் காட்டாதே என்று என் பாட்டி சொல்வார். சூடு உறைக்காது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். ஆகவே யாராவது உங்களை வட்டமாக உட்காரவைத்து "மனத்தைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டுங்கள்" என்று வற்புறுத்தினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 2013-இல் அதே நிறுவனம் சொன்ன இன்னொன்று நம் ஆட்களுக்கு மிக அவசியம்: அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அந்த அறிகுறிகளுக்காக அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற, பதற்றம் தணித்துத் தூக்கம் தரும் மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது. வார்டு அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் மாத்திரை இருப்பதும், "பாதி போட்டுக்கொண்டு தூங்கு" என்று தோழி சொல்வதும் நடப்பதுதான். முதல் மாதம் கடந்துவிட்டது என்பதற்காக நீங்களும் அதைத் தொடவேண்டாம். பழகிவிட்டால் விடுவது கடினம்.

பயன் தருவதாக நன்றாக நிறுவப்பட்டவை, அதிர்ச்சியை மையமாக வைத்த அறிதிறன் நடத்தைச் சிகிச்சையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற சிகிச்சையும். வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள் வரை போகும். பயிற்சி பெற்றவரோடு, உங்கள் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாக அந்த இரவுக்குத் திரும்பிப் போவதுதான் சாரம். மனச்சோர்வு மருந்துகளில் சில பி.டி.எஸ்.டி.க்கும் உதவும், அது மருத்துவரின் முடிவு. மலையில் இந்தச் சிகிச்சை தெரிந்தவர்களைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும், கோவையிலோ வீடியோ அழைப்பிலோ பார்க்க வேண்டிவரலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வழியாகத் தொடங்குவது நல்லது. "அங்கே போனால் ஊரே பார்க்கும், நாளைக்கு வார்டில் பேசுவார்கள்" என்ற பயம் உங்களுக்கு இருக்கும். எனக்கும் இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. முதல் அடியாக அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, இரவு பகல் எப்போதும் கிடைக்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. செத்துப்போனால் நிம்மதி என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப்பார்த்திருந்தாலும், அந்த எண்ணை இன்றே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். மருந்துகளோடு புழங்குகிறவர்கள் நாம், அதனால்தான் இதைச் சுற்றிவளைக்காமல் கேட்கிறேன்.

இறந்த உடனே வார்டில் என்ன செய்யலாம் என்பதில் ஆதாரம் குறைவு, விருப்பம்தான் அதிகம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். உயிர் போனதும், முயன்ற எல்லோரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் அப்படியே நின்று மௌனமாக இருப்பது. வேறு நாடுகளிலும் பரவியிருக்கிறது. பின்னால் வரும் நோயை அது தடுக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கெடுதல் ஒன்றும் இல்லை. எங்கள் வார்டில் இதற்கெல்லாம் முன்பே ஒரு ஆயா இருந்தார். படிப்பு கிடையாது. குழந்தை இறந்தால் டாக்டர் போன பிறகு வெந்நீர் கொண்டுவந்து முகத்தையும் பாதத்தையும் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டியிருந்த இடத்தின் பிசுக்கை எண்ணெய் தொட்டு எடுத்து, "போய் வா கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் தாயின் கையில் கொடுப்பார். கேஸ் ஷீட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்த நாங்கள் அதை வேலையாகவே கருதவில்லை. அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகுதான் அந்தப் பத்து நிமிடம் எங்களையும் தாங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருத்தியிடம் விட்டுவிட்டு, மாதக் கடைசியில் அவளுக்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு எடுக்கிறார்கள். பயிற்சி தப்பில்லை, கணக்குத்தான் தப்பு. 2002-இல் லிண்டா ஐக்கனும் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தார்கள். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 23 சதவீதமும், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடியதாகக் கண்டார்கள். அவை பெரியவர்களின் அறுவைச் சிகிச்சை வார்டுகள், நம் ஊர் அல்ல, அப்படியே நகலெடுத்துச் சொல்ல முடியாது. திசை மட்டும் சந்தேகமில்லாமல் அதுதான். தொகுப்பூதியத்தில், நிரந்தரம் ஆகுமா என்று தெரியாமல், தொடர்ந்து நைட் டூட்டி பார்க்கிறவருக்கு அழ நேரம் எங்கே இருக்கிறது? நைட் டூட்டி முடிந்த காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டரில் மலைச்சாலையில் இறங்காதீர்கள், பஸ்ஸில் போங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையை விடலாமா? இந்த நிலையில் முடிவு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மரத்துப்போன கையால் எதன் எடையையும் சரியாகப் பார்க்க முடியாது. ஆனால் அதே கட்டில்களுக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். கொஞ்ச காலத்துக்கு வேறு பிரிவு கேளுங்கள். நானும் ஒரு சாவுக்குப் பிறகு 8 மாதம் தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றிக்கொண்டு போனேன். தோற்று ஓடிவிட்டதாக வெட்கப்பட்டேன். அங்கேயும் நாள் முழுக்கக் குழந்தைகள் அழும். ஆனால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகும். அதைப் பார்ப்பது எனக்கு வேண்டியிருந்தது. பிறகு திரும்பி வந்தேன். திரும்பாமல் மருத்துவமனையையே விட்டுப்போன தோழிகளும் உண்டு, ஒருவர் கோத்தகிரியில் துணிக்கடை வைத்து நிம்மதியாக இருக்கிறார். உங்களுக்கு எது என்று சிகிச்சைக்குப் பின் நீங்களே முடிவெடுக்கலாம்.

கடைசியாக மகனின் மூச்சு. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40-ஐத் தொட்டால் அது வேகமான மூச்சு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் எண்ணுவதே அந்தக் கோட்டை வைத்துத்தான். எண்ணாதே என்று சொன்னால் நிற்காது. ஒரு முறை, முழு ஒரு நிமிடம், கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். 40-க்குக் கீழே இருந்து, நெஞ்சு உள்வாங்காமலும் இருந்தால் கடிகாரத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் படுங்கள். அந்த இரவில் மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அவர் எண்ணட்டும். எத்தனை இரவு எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவைத்து, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள், சிஸ்டர். போய்ப் பார்த்தபின் இங்கேயே எழுதுங்கள், படிக்கிறேன்.